நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

ஜூன் 2

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

காலையிலிருந்து காற்று மேற்கேயிருந்து அடிக்கிறது. மழைமானியில் இன்று சொட்டுக்கூட இல்லை. நாங்கள் இருவரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேரில் பார்க்கும்போது "சாப்பிட்டீங்களா", "பஸ்ல இடம் கிடைச்சுதா" என்பதைத் தாண்டி உங்களிடம் எனக்கு வாய் வருவதில்லை. இங்கே மலையில் கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் தொலைபேசி படுத்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். பால் வண்டிக்காரர் கீழே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்துவிடுவார்.

விஷயம் ஒரு வண்டி. எங்கள் வானிலை நிலையத்துக்கு மேலே உங்கள் மகளின் மருத்துவ நிலையம் இருக்கிறது. நடுவில் செங்குத்தாக ஒரு செம்மண் பாதை. இங்குள்ளவர்கள் அதைச் 'சறுக்கு' என்றுதான் சொல்கிறார்கள். போன வாரம் தூறல் விழுந்த அன்று மருந்துப் பெட்டியோடு அதில் ஏறியவள் வழுக்கி விழுந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான், பயப்பட வேண்டாம். நான் அப்போது காற்றுமானிக் கோபுரத்தின் உச்சியில் நின்று கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் விழுந்ததையும், எழுந்ததையும், சிதறின பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் துடைத்ததையும் மேலே இருந்தபடி பார்த்தேன். நான் இறங்கி ஓடுவதற்குள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வாங்கிவிட நினைக்கிறேன். விளம்பரப் புத்தகம் ஒன்று வரவழைத்திருக்கிறேன். அதில் வெள்ளை நிறத்தில், உயரமாக, கூரையில் வெள்ளிக் கம்பி வைத்த வண்டி ஒன்று இருக்கிறது. எனக்கென்னவோ அதன்மேல் ஒரு கண். ஆனாலும் தீயணைப்பு வண்டியை ஆயுசு முழுக்க ஓட்டின நீங்கள் இருக்கும்போது நானாக முடிவு செய்வது முறையில்லை.

தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை


ஜூன் 7

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "காத்து மேற்கேயிருந்து" என்று ஆரம்பித்ததும், "இது என்ன கடுதாசியா, ரேடியோவா?" என்று கேட்டாள். மகள் விழுந்த இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

அந்த விளம்பரப் புத்தகத்தை மருந்து அலமாரியில் விரித்துப் போடச் சொல்லுங்கள், அதற்குத்தான் ஆகும். நீங்கள் சொன்ன வெள்ளை வண்டியைக் கடையில் போய்ப் பார்த்தேன். பார்க்கத்தான் ஜீப்பு, உள்ளே வெறும் கார். முன்னால் உள்ள இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும், பின்னால் உள்ளவை கூடவே உருண்டு வரும். விற்கிறவர், "சார், எட்டு ஸ்பீக்கர்ல பாட்டு கேக்கலாம்" என்றார். "சேத்துல மாட்டினா பாட்டு வந்து இழுக்குமாய்யா?" என்று கேட்டேன். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

உங்களுக்கு வேண்டியது பழைய வண்டி. வயிறு உயரமாக இருக்கணும், உடம்பு கனமாக இருக்கக்கூடாது, மெக்கானிக் இல்லாத இடத்திலும் ஸ்பேனரும் சுத்தியலும் வைத்துச் சரிசெய்ய முடியணும். அப்படிப்பட்டது என் சிநேகிதன் புளுகனிடம் கிடைக்கும். அவன் பெயர் அதுவல்ல. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால்தான் அவனே திரும்பிப் பார்ப்பான். எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கொட்டகை அவனுடையது. அவன் விற்ற ஜீப் ஒன்று கிணற்றில் விழுந்துவிட்டதாம், ஓட்டினவன் பயத்தில் ரிவர்ஸ் கியரைப் போட, சுவரைப் பிடித்து அதுவே மேலே ஏறி வந்ததாம். இதை அவன் கொட்டகையில் உட்கார்ந்து பெரிய மனிதர்களிடமெல்லாம் சொல்வான். வாயைத் திறந்தால் அண்டப்புளுகு. ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் ஒரு ஆணியைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

ஒன்று கேட்கணும். இந்த மாதிரி வண்டி ஓட்டி உங்களுக்குப் பழக்கம் உண்டா?

மாமா

பின்குறிப்பு: கடைசி வரியை எழுதும்போது உங்கள் அத்தை எட்டிப் பார்த்துவிட்டாள். "மாப்பிள்ளைகிட்ட இப்படியா கேப்பீங்க, தெரியுமா தெரியாதான்னு? என்ன நினைச்சுக்குவாரு?" என்று ஒரு பாட்டம் திட்டினாள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


ஜூன் 11

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிட்டது. இன்னும் சில நாளில் மழை இறங்கலாம்.

இதில் தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அலுவலக ஜீப்பில் எனக்குப் பல வருடப் பழக்கம். இந்த மலையில் அதில் போகாத பாதை இல்லை. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சம்மதம். வெள்ளை வண்டியை மறந்துவிட்டேன்.

உங்கள் மகள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏன் என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள்.

தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை


ஜூன் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வண்டி கிடைத்துவிட்டது!

பச்சை நிறம், வெயிலில் வெளுத்திருக்கிறது. பாலம் கட்டுகிறவர்கள் வைத்திருந்தது. கதவைச் சாத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும், அத்தனை சத்தம். புளுகன் முதலில் எனக்குப் பளபளவென்று ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினான். நான் அதன் கதவுக்குக் கீழே விரல் முட்டியால் தட்டினேன். டொக் டொக் என்றது. துருவை அடைத்துப் பெயிண்ட் அடித்த சத்தம். "இது மாப்பிள்ளைக்குடா, சம்பந்தமில்லாதவனுக்கு இல்ல" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ பின்னாடி வா" என்று இதைக் காட்டினான்.

அடியில் படுத்து, சட்டம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன். உங்கள் அத்தை அந்தச் சட்டையை இன்னும் துவைத்துக்கொண்டிருக்கிறாள். பிறகு ஆற்று மணலில் வயிறு புதைகிற மட்டும் இறக்கினேன். நாலு சக்கரமும் பிடித்து, முக்கி முனகி, மேலே வந்தது. கரையில் துணி துவைத்தவர்கள் கை தட்டினார்கள். வேலையை விட்ட பிறகு அப்படி ஒரு கைதட்டல் நான் கேட்டதில்லை. கொஞ்சம் கண் கலங்கிவிட்டது, மணல் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீங்கள் வந்து எடுத்துப் போகும்வரை வண்டி அவன் கொட்டகையில் நிற்கும். ஓட்டும் விதத்தை அவன் ஒரு பிரசங்கமாகச் செய்வான், நடுவில் நாலு பொய்யும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். பழகின கைக்கு இதெல்லாம் சொல்லவா வேண்டும்!

மகளையும் கூட்டி வாருங்கள்.

மாமா


ஜூலை 9

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

நேற்றும் இன்றும் விடாமல் மழை. காற்றின் திசையைச் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

வண்டியை ஓட்டி வந்த அன்று இங்கே எல்லாரும் நின்று பார்த்தார்கள். காய்ந்த பாதையில் சறுக்கை ஒரே மூச்சில் ஏறியது. "எங்க மாமனார் பார்த்து எடுத்த வண்டி, சுவத்துலகூட ஏறும்" என்று நானும் வாய்க்கு வந்தபடி பெருமை அடித்துக்கொண்டேன். இன்று என் மேலதிகாரி நிலையத்தைப் பார்வையிட வந்தார். மேலே மருத்துவ நிலையத்தின் கூரையில் இன்னொரு மழைமானி வைத்திருக்கிறோம். அதைக் காட்டுவதற்கு அவரை வண்டியில் ஏற்றினேன். அலுவலக ஜீப் ஓட்டுநர், "நான் கொண்டுபோறேனே சார்" என்றார். வேண்டாம் என்றேன்.

சறுக்கின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன கியரை முழுக்கப் போட்டேன், மாமா. நாலு சக்கரத்துக்கானது என்று எழுதியிருக்கிற இடத்தில்தான் போட்டேன். பின் சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைத்தன. முன் சக்கரங்கள் அசையவே இல்லை. மேலதிகாரி ஜன்னல்வழியே தலையை நீட்டி எட்டிப் பார்த்தார், பிறகு, "நாலு சக்கரமும் இழுக்கும்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். அப்புறம் அவரே இறங்கித் தள்ளினார். ஒரு கால் செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. கடைசியில் ஒரு டிராக்டர் வந்து எங்களைக் கட்டி இழுத்தது. சுற்றிலும் கூட்டம், ஒரே சிரிப்பு.

சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். இது நீங்கள் நினைத்த வண்டி இல்லை. உங்கள் சிநேகிதர் உங்களை ஏமாற்றிவிட்டார். மேலதிகாரியிடமும் அப்படித்தான் சொன்னேன்: "எங்க மாமனாரை ஏமாத்திட்டாங்க சார்."

பால் வண்டி கிளம்புகிறது. உங்கள் மகள் இன்னும் மேலேதான் இருக்கிறாள், அவளுக்கு இது தெரியாது.

தங்கள்
மாப்பிள்ளை


ஜூலை 13

மாப்பிள்ளைக்கு,

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். மணலில் நான் ஓட்டிப் பார்த்தபோது நாலு சக்கரமும் இழுத்தது. அதன் பிறகு நீங்கள் வரும்வரை வண்டி அவனிடம்தானே நின்றது? உள்ளேயிருந்து எதையோ கழற்றி வேறு வண்டியில் போட்டுவிட்டான் என்று தோன்றியது. அப்படியே கேட்டேன். வேலையாட்கள் இருந்தார்கள், வண்டி வாங்க வந்தவர்கள் இருந்தார்கள், எதிரே தீயணைப்பு நிலையத்து ஆட்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "திருட்டுப் பயலே, என் மாப்பிள்ளையை நடுச் சேத்துல நிக்க வெச்சுட்டியேடா" என்று கத்தினேன்.

அவன் கடிதத்தை வாங்கிப் படித்தான். படித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தையை நான் இங்கே எழுத மாட்டேன், அது உங்களுக்கு மரியாதையாக இருக்காது. அதைக் கேட்டதும் எனக்குக் கண் தெரியவில்லை. கை நீட்டிவிட்டேன். கன்னத்தில்.

அவன் திருப்பி அடிக்கவில்லை. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது, அதை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நீங்கள் இனி அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். நான் ஆளோடு வந்து எடுத்துக்கொள்கிறேன். ஊருக்கெல்லாம் வண்டி பார்த்துக் கொடுத்தவன் சொந்த மாப்பிள்ளையைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

மாமா


ஜூலை 19

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மழை சற்று விட்டிருக்கிறது. ஈரப்பதம் மிக அதிகம். காற்று மெதுவாகத் தென்மேற்கேயிருந்து வீசுகிறது. மேகம் தாழ்ந்து கிடக்கிறது. நாளை மறுபடி பெய்யக்கூடும்.

நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. வண்டி இப்போது சரியாகத்தான் இருக்கிறது. இங்கேயே சற்றுப் பார்த்ததில் சரியாகிவிட்டது. சிறிய விஷயம்தான். உங்கள் சிநேகிதர் வேண்டுமென்று எதையும் செய்திருக்க மாட்டார் என்று எனக்குப் படுகிறது. பழைய வண்டி என்றால் இப்படி ஏதாவது இருக்கத்தானே செய்யும். நடந்ததை மறந்துவிட்டு அவரோடு நீங்கள் பழையபடி இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகளிடம் கடைசியில் இரண்டு வரி எழுதச் சொன்னேன். இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தங்கள்
மாப்பிள்ளை


ஜூலை 24

மாப்பிள்ளைக்கு,

மேகம் எங்கே கிடக்கிறது என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். வண்டியில் என்ன கோளாறு, யார் சரிசெய்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

முன் சக்கரத்துக்கு இழுவை போகவில்லை என்றால் அது சிறிய விஷயம் இல்லை. மலையில் உட்கார்ந்துகொண்டு 'சற்றுப் பார்த்து' சரிசெய்கிற காரியமும் இல்லை. என்னை ஆறுதல்படுத்துவதற்காக இப்படி எழுதுகிறீர்களோ என்று நினைக்கிறேன். அப்படியென்றால் வேண்டாம். இல்லை, வேறு ஏதாவது... சரி, விடுங்கள். அதை நான் கேட்கக்கூடாது.

இங்கே நிலைமை என்ன என்றால், புளுகனின் கொட்டகைக்கு இப்போது ஆள் வருவதில்லை. தீயணைப்பு வண்டி ஓட்டினவர் வாயாலேயே திருடன் என்று சொன்னாராம், அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்கிறார்கள். என் சொல்லுக்கு இத்தனை மதிப்பு இருந்ததே எனக்குத் தெரியாது. நல்லதுக்குப் பயன்படுத்தியிருக்கலாம். பெயர்ப்பலகையை இறக்கிச் சுவரோரம் திருப்பி வைத்திருக்கிறான். டீக்கடையில் நான் ஒரு மூலை, அவன் ஒரு மூலை. அவன் இப்போது பொய்கூடச் சொல்வதில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் பாட்டுக்கு டீயைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறான்.

உங்கள் அத்தை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நேற்று சாப்பாடு போடும்போது, "அடிச்ச கையால சாப்பிட முடியுதா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

வண்டியைப் பார்க்க நானே வருகிறேன்.

மாமா


ஜூலை 29

மாமா,

நீங்கள் வருவதற்கு முன் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும்.

எனக்கு அந்த வண்டியை ஓட்டத் தெரியாது.

அலுவலக ஜீப்பில் பல வருடப் பழக்கம் என்று எழுதினேனே, அது பொய் இல்லை, உண்மையும் இல்லை. ஓட்டுநர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சாதாரணக் காரை ஓட்டுவேன், அவ்வளவுதான். நீங்கள் கேட்டபோது தெரியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவும் உட்கார்ந்தேன். கல்யாணத்தன்று தீயணைப்பு நிலையத்து ஆட்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, "இவருதான் நம்ம மாப்பிள்ளை, வானத்தையே அளக்கிறவரு" என்று நீங்கள் அறிமுகம் செய்தது ஞாபகம் வந்தது. பேனா வேறு மாதிரி எழுதிவிட்டது.

நான் மேலதிகாரியோடு சேற்றில் நின்ற மறுநாள் மேலேயிருந்து ஒருவர் மழையில் ஓடி வந்தார். கால் உடைந்த ஒருவரைக் கீழே கொண்டுபோக வேண்டும் என்று உங்கள் மகள் வண்டியைக் கேட்டனுப்பியிருந்தாள். அது ஏறாது, ஏமாற்று வண்டி என்று சொல்லி அனுப்பினேன். சற்று நேரத்தில் அவளே நனைந்துகொண்டு இறங்கி வந்தாள். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் நடுவில் இருக்கிற குமிழில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாமா, அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. அந்தக் குமிழைத் திருப்பினாள், 'டக்' என்று ஒரு சத்தம். சுற்றிப் போய் அந்தப் பக்கத்துக் குமிழையும் திருப்பினாள். ஏறி உட்கார்ந்து, சின்ன கியரைப் போட்டு, சறுக்கில் ஏறிப் போய்விட்டாள். நான் மழையில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் குமிழ்களைத் திருப்பாவிட்டால் சின்ன கியரைப் போட்டும் முன் சக்கரங்களுக்கு இழுவை போகாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உங்கள் சிநேகிதர் கொட்டகையில் இதைத் தெளிவாகச் சொன்னாராம், தொட்டும் காட்டினாராம். "அப்போ நீங்க வண்டியோட கண்ணாடியில தலையைச் சரிபண்ணிக்கிட்டு இருந்தீங்க. தலையை மட்டும் ஆட்டிக்கிட்டே இருந்தீங்க" என்றாள் உங்கள் மகள். "எனக்கு ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "தெரியும்னு அப்பாவுக்கு எழுதினீங்களே. நானா வந்து, தெரியுமான்னு கேட்டா நீங்க எத்தனை நாள் பேசாம இருப்பீங்க?" என்றாள். கேட்டிருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அன்றைக்கே உங்களுக்கு எழுதச் சொன்னாள். எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று தள்ளினேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது, கன்னத்தில் என்று. இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று மேகத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. நீயே எழுதிவிடேன் என்று அவளிடம் கெஞ்சியும் பார்த்தேன். "நான் எழுதினா அது கோள். நீங்க எழுதினாத்தான் உண்மை" என்றாள்.

மாமா, சேற்றில் நின்றதற்கு நான் வெட்கப்படவில்லை. "எங்க மாமனாரை ஏமாத்திட்டாங்க சார்" என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! என் மூக்கு உடையாமல் இருக்க உங்களை ஏமாளியாக்கினேன், அவரைத் திருடனாக்கினேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை. அதை நினைத்தால்தான் தலை குனிகிறது.

மேலதிகாரிக்கு நடந்ததை எழுதி அனுப்பிவிட்டேன். வருகிற ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு வருகிறேன். நீங்கள் எத்தனை பேர் முன்னால் கத்தினீர்களோ அத்தனை பேரையும் கூப்பிட்டு வையுங்கள். எனக்குத்தான் தெரியவில்லை என்று நானே சொல்கிறேன்.

உங்கள்
மாப்பிள்ளை


ஆகஸ்ட் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வானிலை இல்லாமல் நீங்கள் எழுதின முதல் முழுக் கடிதம். உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அழுதாள். பிறகு, "ரெண்டு பேரும் நல்லா சேந்தீங்க" என்றாள்.

புளுகன் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்ன என்று இப்போது எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டான்: "மாப்பிள்ளை குமிழைத் திருப்பினாராமா?"

"என் மாப்பிள்ளைக்குத் தெரியாதுன்னா சொல்றே?" என்றுதான் அடித்தேன்.

நான் உங்களுக்கு எழுதாத இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று, முன் சக்கரம் அசையவில்லை என்ற வரியைப் படித்த உடனே, கொட்டகைக்குப் போகும் வழியிலேயே, எனக்கும் அதே கேள்விதான் வந்தது. ஆயுசு முழுக்க வண்டி ஓட்டினவனுக்கு வராதா? மணலில் நானே குமிழைத் திருப்பி ஏற்றின வண்டி. வந்த கேள்வியை அப்படியே மென்று விழுங்கிவிட்டேன். மாப்பிள்ளைக்குத் தெரியாது என்று நினைப்பதைவிட, சிநேகிதனைத் திருடன் என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நான் வாய்க்குள் வைத்திருந்த கேள்வியை அவன் வெளியே கேட்டுவிட்டான். அதற்கு விழுந்த அடி அது. அடி விழுந்த அதே நொடியில் அவன் சொன்னதுதான் சரி என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் 'ஏமாற்றிவிட்டான்' என்று உங்களுக்கு ஒரு கடிதம், 'நானே வருகிறேன்' என்று இன்னொரு கடிதம். நீங்கள் மேகத்தைப் பற்றி எழுதினீர்கள், நான் மெக்கானிக்கைப் பற்றி எழுதினேன். வித்தியாசம் ஒன்றும் இல்லை. எனக்கு வயது மட்டும் கூட.

ஆயுசுக்கும் பொய் சொன்னபோதெல்லாம் அவனுக்குக் கை தட்டினோம். ஒரு உண்மை சொன்னதற்கு அறைந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைவரை என்னால் பொறுக்க முடியவில்லை. நேற்று உங்கள் கடிதத்தோடு போனேன். எதிரே தீயணைப்பு நிலையத்து ஆட்களைக் கூப்பிட்டேன், டீக்கடையில் இருந்தவர்களையும் கூப்பிட்டேன். "இவன் திருடன் இல்லை. வண்டியில குறை இல்லை. எனக்கு அன்னைக்கே தெரியும், தெரிஞ்சேதான் அடிச்சேன்" என்றேன். புளுகன் டயரில் காற்றடித்துக்கொண்டிருந்தான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடித்து முடித்துவிட்டு, "கேட்டுக்கிட்டேன், போ" என்றான்.

சரிதான் என்று திரும்பி நடந்தேன். வாசல்வரை வந்திருப்பேன், பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏம்ப்பா, மாமனார் தெரிஞ்சே அடிச்சாரு, மாப்பிள்ளை தெரியாமலே தலையாட்டினாருன்னு இந்தக் கதையை நான் சொன்னா எவன் நம்புவான்?"

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பெயர்ப்பலகை இன்னும் சுவரோரம்தான் இருக்கிறது. எப்போது மாட்டுவான் என்று தெரியாது, கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னான்: ஞாயிற்றுக்கிழமை வரும்போது வண்டியைக் கழுவ வேண்டாமாம். சேற்றோடு கொண்டுவந்து கொட்டகை வாசலில் நிறுத்த வேண்டுமாம், ஊர் பார்க்கட்டும் என்றான்.

வருவதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. இந்த முறை உங்கள் அத்தையும் பக்கத்தில்தான் இருக்கிறாள், கேளுங்கள் என்று அவள்தான் சொல்கிறாள். சறுக்கைத் தாண்டிக் கீழே நல்ல சாலைக்கு வந்ததும் அந்தக் குமிழ்களை என்ன செய்யணும், தெரியுமா? மகளிடம் கேட்காமல் பதில் எழுதுங்கள்.

மாமா


ஆகஸ்ட் 6

மாமா,

தெரியாது. சொல்லிக்கொடுங்கள்.

மாப்பிள்ளை